பிளஸ் ஒன் டியூஷன்: ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன்

தமிழ்நாடு பாடத்திட்டத்தில், பிளஸ் ஒன் இயற்பியலின் 2-ஆம் பாடத்திலேயே வெக்டரும் வகை நுண்கணிதமும் வந்துவிடுகின்றன; கணிதப் புத்தகத்திலோ அவை இரண்டாம் தொகுதியில்தான். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். எனவே இயற்பியல், கணிதம் இரண்டையும் சேர்த்து நடத்தக்கூடிய ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பணம் கட்டும் முன் ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். பிள்ளைக்குப் புரியாத ஒரு கணக்கைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மளமளவென்று விடையை எழுதித் தருபவரைவிட, "எதுவரை போட்டாய், காட்டு" என்று கேட்பவரே நல்ல ஆசிரியர் என்பேன்.

அண்ணா நகரில் பேர்பெற்றவர் இருக்கிறார் என்று வேளச்சேரியிலிருந்து மாலை நெரிசலில் அனுப்ப வேண்டாம். களைத்துப்போன பிள்ளைக்கு எதுவும் மனதில் பதியாது. பக்கத்துத் தெருவிலேயே ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் இருக்கலாம். பிளஸ் டூ மாணவர்களின் பெற்றோரிடம் விசாரியுங்கள்.