சினை ஊசி: காலையில் நின்றால் சாயங்காலம்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக்குள் மாடு மேய்ப்பவர்கள், சினை பிடிக்கவில்லையென்றால் முதலில் விந்தைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட நேரத்திலோ, உறைந்த விந்து அடைத்த குச்சியை உருக்கிய விதத்திலோ இருக்கும்.

மற்ற மாடு மேலே ஏறும்போது நகராமல் நிற்பதுதான் பருவத்தின் உறுதியான அடையாளம். கத்துவதும் கண்ணாடி போன்ற கோழை தொங்குவதும் துணைக்குத்தான். காலையில் நின்றால் அன்று சாயங்காலம் ஊசி. சாயங்காலம் நின்றால் மறுநாள் காலை. விடிந்ததும் ஒரு தடவை, இருட்டுமுன் ஒரு தடவை மந்தையைப் பார்க்காதவருக்கு இந்தக் கணக்கு உதவாது.

இந்த இடைவெளி எதற்கு? பருவம் தொடங்கி ஏறக்குறைய 24 முதல் 32 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரும், வந்தபின் சில மணி நேரமே தாங்கும். விந்தணுவோ உள்ளே போனதும் முட்டையைத் துளைத்துவிடாது. 1951இல் சாங், ஆஸ்டின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியே காட்டியபடி, பெண்ணின் உடலுக்குள் சிறிது நேரம் இருந்தால்தான் அதற்கு அந்தத் திறன் வரும். மாட்டில் இதற்குச் சுமார் 6 மணி நேரம். மேலே ஒட்டியிருந்த விந்துநீர்ப் புரதங்கள் கழன்று, சவ்வின் கொலஸ்ட்ரால் வெளியேறும். பைகார்பனேட்டும் கால்சியமும் உள்ளே நுழைய, செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி கூடி, புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதி வேலையைத் தொடங்கும். அதன் தொடர்ச்சியாகப் புரதங்களிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறும். பிறகே வால் சாட்டையாய்ச் சுழலும். தலையிலுள்ள அக்ரோசோம் என்ற நொதிப்பை முட்டையருகே திறக்கத் தயாராகும்.

இப்படி மாறிய விந்தணு அதிக நேரம் பிழைக்காது. ஊசியை முந்திப் போட்டால் முட்டை வருமுன் செத்துவிடும், பிந்திப் போட்டால் முட்டை கெட்டிருக்கும். உறைந்து உருகிய விந்தில் சவ்வு அடிபட்டு, கால்சியம் கசிந்து, இந்த மாற்றம் ஓரளவு தொடங்கியேயிருக்கும். அதனால் அதற்கு ஆயுள் இன்னும் குறைவு.

குச்சிகள் கிடக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. குச்சியை எடுக்கும்போது குச்சிகள் உள்ள கூடையைக் கலனின் கழுத்துக்கு மேலே தூக்காதீர்கள்; பத்து வினாடிக்குள் திரும்ப இறக்கிவிடுங்கள். எடுத்த குச்சியை 35 முதல் 37 டிகிரி வெந்நீரில் 40 வினாடி வையுங்கள். கைச்சூட்டுக் கணக்கு வேண்டாம், தெர்மாமீட்டர் வையுங்கள். குச்சியை நன்றாகத் துடைத்துவிட்டு நறுக்குங்கள். ஒரு சொட்டு நீர் கலந்தாலும் விந்தணு ஊதிச் சாகும். குச்சியைப் பொருத்திய ஊசித் துப்பாக்கியைச் (விந்தைச் செலுத்தும் குழலை) சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு மாட்டிடம் போங்கள். வெயிலும் ஆகாது, வண்டியின் ஏர்கானும் ஆகாது. உருக்கியதிலிருந்து 10 நிமிடத்துக்குள் போட்டுவிடவேண்டும்.

கருப்பை வாயைத் தாண்டியதும் நிறுத்தி, ஐந்தாறு வினாடி எடுத்து மெதுவாக அழுத்துங்கள். வாய்க்குள்ளேயே விட்டால் பெரும்பகுதி பின்னால் வழிந்துவிடும். கோழையில் சீழ் தெரிந்தால் ஊசியே வேண்டாம், வெட்னரிக்குச் சொல்லுங்கள்.

ஒன்றிரண்டு நாளில் லேசாக ரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பருவம் முடிந்துவிட்டது என்பதற்கு மட்டுமே அது அடையாளம், சினை பிடித்ததையோ தவறியதையோ அது சொல்லாது. ஊசி போட்ட 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள்வரை மறுபடி நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றாலும் இரண்டு மாதம் கழித்து டாக்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சொன்னால்தான் சினை.