சூடேறாத ஆஸிலேட்டர்

ஓராண்டாக அலமாரியில் கிடந்த எங்கள் லேப் ஃப்ரீக்வென்சி கவுண்டரை (அலைவெண் அளக்கும் கருவி) எடுத்து ஆன் செய்தேன். ஜிபிஎஸ் ரெஃபரன்ஸின் (செயற்கைக்கோள் நேரத்தோடு ஒத்துப்போகும் துல்லிய சிக்னல்) 10 மெகாஹெர்ட்ஸைப் பல நூறு ஹெர்ட்ஸ் தள்ளிக் காட்டியது. கவுண்டருக்குள் அளவுகோலாக இருக்கும் ஆஸிலேட்டரின் குவார்ட்ஸ் படிகத்துக்கு வயதானால் இவ்வளவு நகராது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஆஸிலேட்டரின் உலோகப் பெட்டியைத் தொட்டேன், சூடே இல்லை. படிகத்தைச் சுமார் 80 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய ஹீட்டருக்கு வோல்டேஜ் வருகிறது, கரண்ட் மட்டும் பூஜ்யம்.

ஃபோமை நீக்கி மீட்டர் வைத்துப் பார்த்தால், தெர்மல் ஃபியூஸ் (சூடு எல்லை மீறினால் அறுந்து கரண்டை நிறுத்துவது) அறுந்திருந்தது. அதே வெப்பநிலை மதிப்பில் புதிது வாங்கினேன். சால்டரிங் சூட்டிலேயே இது போய்விடும். அதனால் அதன் கம்பியை சூட்டை உறிஞ்சிக்கொள்ள நோஸ் பிளையரால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டே நொடியில் பற்றவைத்தேன். (தயவுசெய்து ஃபியூஸை ஷார்ட் செய்துவிடாதீர்கள். ஹீட்டர் கட்டுப்பாடு பழுதானால் படிகமே போய்விடும்.)

ஆன் செய்ததும் கரண்ட் ஏறி, சில நிமிடத்தில் இறங்கி நின்றது. அப்பாடா! ஆனால் உடனே டியூன் செய்யவில்லை. குளிர்ந்து கிடந்த படிகம் நிலைகொள்ள நாளாகும். இரண்டு வாரம் ஓடவிட்டு, அப்புறம்தான் அலைவெண்ணைத் திருத்தும் ட்ரிம்மரைத் தொட்டேன். இப்போது ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) ஜிபிஎஸ் அலையோடு வைத்துப் பார்த்தால், ஒரு முழுச் சுற்று நகர 100 நொடிக்கு மேல் ஆகிறது. 10 மெகாஹெர்ட்ஸில் 100 நொடிக்கு 100 கோடிச் சுற்று, அதனால் பிழை 100 கோடியில் ஒன்றுக்கும் குறைவு.