துணிக்கைகளைச் செயலிகளுக்குப் பங்கிடுவது எப்படி?

யாழ். பல்கலைக்கழகத்தில், திருநெல்வேலியிலோ கிளிநொச்சிப் பொறியியல் பீடத்திலோ படிக்கிற மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பிளாஸ்மாவை, அதாவது ஏற்றமுள்ள துணிக்கைகளாலான வாயுவை, உருவகப்படுத்தும் ‘கலத்துள் துணிக்கை’ (particle-in-cell) நிரலை ஒரு செயலியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கானது இது. நாலு கோர் உள்ள மடிக்கணினியும், செயலிகளுக்கிடையே தரவை அனுப்ப உதவும் எம்பிஐயும் (MPI) இருந்தால் போதும்.

நிரல் ஒவ்வொரு காலப்படியிலும் நாலு வேலை செய்கிறது: துணிக்கைகளின் ஏற்றத்தைக் கலங்களில் (வெளியைப் பிரித்த சிறு பெட்டிகளில்) சேர்க்கிறது, அதிலிருந்து மின்காந்தப் புலத்தைக் கணிக்கிறது, புலத்தைத் துணிக்கை நிற்கும் இடத்துக்கு எடுக்கிறது, துணிக்கையை நகர்த்துகிறது. புலக் கணிப்பைத் தவிர மற்ற மூன்றும் துணிக்கைகளின் எண்ணிக்கையோடு கூடும். நேரம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது.

படி 1: வெளியை வெட்டுங்கள்

துணிக்கைகளை மட்டும் சமமாகப் பிரித்து, கலங்கள் எல்லாம் சேர்ந்த முழுக் கட்டத்தையும் எல்லாச் செயலிகளிலும் வைக்கலாம். எழுதுவது சுலபம். ஆனால் ஒவ்வொரு காலப்படியிலும் முழுக் கட்டத்தையும் எல்லோரும் கூட்டவேண்டி வரும். செயலிகள் பெருகினால் அது தாங்காது. ஆகவே வெளியைத் துண்டுகளாக்கி, ஒரு கலம் எந்தச் செயலிக்கோ அதிலுள்ள துணிக்கைகளும் அதற்கே என்று வையுங்கள்.

படி 2: எங்கே வெட்டுவது?

நல்லூர்த் தேரன்று தொண்டர்களைத் தெருவுக்கு இத்தனை பேர் என்று சமமாக நிறுத்தினால், கோயில் வீதியில் நிற்பவர்கள் திணறுவார்கள். கலங்களைச் சமமாக வெட்டினாலும் இதே கதைதான்.

16 கலங்கள், 4 செயலிகள். முதல் 12 கலங்களில் தலா 5 துணிக்கைகள், கடைசி நாலில் தலா 85, மொத்தம் 400. ஆளுக்கு 4 கலம் கொடுத்தால் சுமை 20, 20, 20, 340. கடைசிச் செயலி முடிக்கும்வரை மற்ற மூன்றும் சும்மா காத்திருக்கும்.

இப்போது இடமிருந்து கூட்டிக்கொண்டே போய், தொகை 100, 200, 300ஐ எட்டும் கலங்களுக்குப் பின்னால் வெட்டுங்கள். 13, 14, 15ஆம் கலங்களுக்குப் பின் வெட்டு விழும். சுமை 145, 85, 85, 85. மிகப் பெரிய சுமை 340இலிருந்து 145ஆகக் குறைந்துவிட்டது.

முதற் செயலிக்கு 13 கலங்கள் போனதைக் கவனியுங்கள். புலக் கணிப்பு அங்கே குவிகிறது. இதற்காகவே லீவர், டெசிக் என்ற ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட முறையில் துணிக்கைகளுக்கு ஒரு பங்கீடும் புலத்துக்கு இன்னொன்றும் வைத்தார்கள். தொடக்கத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கலத்துக்கும் ஒரு சிறு எடை கொடுத்துக் கூட்டினால் போதும்.

படி 3: எல்லை தாண்டியவர்களை அனுப்புங்கள்

நகர்த்திய பிறகு, வெளியேறிய துணிக்கையை அனுப்பும் பட்டியலில் போட்டு, அதன் இடத்தில் வரிசையின் கடைசித் துணிக்கையை வையுங்கள். அதே இடத்தைத் திரும்பவும் சோதிக்க வேண்டும். புதிதாக வந்து நிற்பதும் வெளியேறியதாக இருக்கலாம். அயலவருக்கு முதலில் எண்ணிக்கையையும் பிறகு துணிக்கைகளையும் அனுப்புங்கள். இருபரிமாணத்தில் முதலில் எக்ஸ் திசை. பிறகு, புதிதாக வந்தவற்றையும் சேர்த்து வை திசை. மூலைக்குப் போகிறவையும் அப்படியே போய்ச் சேரும்.

ஒரு நுணுக்கம். எல்லை ஆவர்த்தனமானால், அதாவது ஒரு முனையில் வெளியேறுவது மறுமுனையில் நுழைந்தால், பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே போன துணிக்கையின் இடத்தோடு நீளத்தைக் கூட்டுவீர்கள். அந்த மறை எண் மிகச் சிறியதென்றால், மட்டந்தட்டலில் விடை சரியாக நீளத்துக்கே சமமாகிவிடும். அந்த இடம் எந்தச் செயலிக்கும் சொந்தமில்லை. துணிக்கை காணாமல் போகும். விடை நீளத்துக்குச் சமமானால் அதைப் பூச்சியமாக்குங்கள்.

படி 4: எண்ணுங்கள், பிறகு திரும்ப வெட்டுங்கள்

ஆவர்த்தன எல்லையில் மொத்தத் துணிக்கைகள் மாறவே கூடாது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்குப் பிறகும் எல்லாச் செயலிகளின் எண்ணிக்கையையும் கூட்டிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் நிறுத்தித் தேடுங்கள்.

பிளாஸ்மா நகர நகரப் பங்கீடு குலையும். மிகப் பெரிய சுமையைச் சராசரியால் வகுத்துப் பாருங்கள்: மேலே முதலில் 3.4, பிறகு 1.45. ஒவ்வொரு காலப்படியிலும் திரும்ப வெட்டினால் துணிக்கைகளையும் புலத்தரவையும் இடம் மாற்றுவதிலேயே நேரம் போய்விடும். நூறு காலப்படிக்கு ஒருமுறை இந்த விகிதத்தைப் பார்த்து, 1.5ஐத் தாண்டினால் மட்டும் வெட்டத் தொடங்குங்கள். இரண்டு எண்களையும் உங்கள் கணினியில் நேரம் அளந்து மாற்றிக்கொள்ளலாம்.