படகு விற்கும்போது பணத்தில் செய்யக் கூடாத தவறுகள்

அட்வான்ஸ் வாங்கிய அன்றைக்கே என் சித்தப்பா படகை விட்டுவிட்டார். நாகப்பட்டினம் பக்கத்து மீனவ ஊர் எங்களுடையது. ஃபைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின், இரண்டு செட் வலை, எல்லாம் சேர்த்து 3,50,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தார்கள். வந்தவர் 50,000 ரூபாயை எண்ணிக் கையில் வைத்தார். “அண்ணே, நல்ல மீன்பாடு நேரம். படக எடுத்துட்டுப் போறேன், மிச்சத்த பத்து நாள்ல தந்துடுறேன்” என்றார். தெரிந்த குடும்பம்தானே என்று சித்தப்பாவும் சரி என்றார். பத்து நாள் எட்டு மாதம் ஆனது. கடைசியில் ஊர்ப் பஞ்சாயத்து பேசி, “எஞ்சின்ல வேலை இருந்துச்சு” என்று 40,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மீதியை மூன்று தவணையாகக் கொடுத்தார்கள். அந்த எட்டு மாதமும் சித்தப்பா இன்னொருவர் படகில் கூலிக்குப் போனார்.

அவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வராது. படகு விற்கும் பலரும் செய்வது இதுதான். ஆனால் அன்றைக்கு அவர் கையை விட்டுப் போனது படகு மட்டும் இல்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, இன்ன பொருள் என்று குறிப்பிட்டு, அப்படியே எடுத்துப்போகும் நிலையில் இருக்கிற ஒன்றை நிபந்தனை இல்லாமல் பேசி முடித்தால், பணம் பிறகு வருவதாக இருந்தாலும் உரிமை அப்போதே வாங்குபவருக்குப் போய்விடலாம். பணம் வராதவரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை விற்பவருக்கு உண்டு. அது பொருள் அவர் கையில் இருக்கும் வரைதான். படகு கரையை விட்டுப் போனபின் பணம் கேட்டு அலைய வேண்டியது நாம்தான்.

அதனால் அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்: “முழுத்தொகையும் என் கணக்கில் சேர்ந்த பிறகே படகின் உரிமை மாறும், படகும் ஒப்படைக்கப்படும்.” இந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கூடவே படகின் பதிவு எண், எஞ்சின் எண், விலையில் சேரும் வலை, ஜிபிஎஸ், வயர்லெஸ், மொத்த விலை, வாங்கிய அட்வான்ஸ், மீதிக்குக் கடைசித் தேதி, இரண்டு சாட்சி. வெள்ளோட்டத்தையும் எழுதிவிடுவது நல்லது. எந்த நாளில் ஓட்டிப் பார்ப்பது, எஞ்சினில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் திரும்புமா என்பது அங்கேயே முடிவாகட்டும். வெள்ளோட்டத்துக்குப் போகும்போது நீங்களும் படகில் இருங்கள். தனியாகக் கொடுத்தனுப்பாதீர்கள்.

“வாங்காமல் போனால் அட்வான்ஸ் திரும்பாது” என்று வாயால் சொல்லிவிட்டு அதை நம்பி இருப்பது இன்னொரு தவறு. எழுதியே இருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் நீதிமன்றம் அனுமதிக்காது. விலையில் பத்தில் ஒரு பங்கு அளவு அட்வான்ஸ் போதும் என்பது என் கணக்கு. பேச்சு முறிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம், ஆகவே அந்தப் பணத்தைத் தொடாமல் வையுங்கள். படகின் பேரில் சங்கத்திலோ வங்கியிலோ கடன் இருந்தால், அதை அடைத்து தடையின்மைச் சான்று வாங்கிய பிறகு அட்வான்ஸில் கை வையுங்கள்.

இனி மீதிப் பணம். ஒரே விற்பனைக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் 2017 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது. இன்று ஒன்றரை, நாளை ஒன்றரை என்று பிரித்து வாங்கினாலும் விற்பனை ஒன்றுதான். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் பணம் வாங்கியவருக்கு. கடற்கரையில் பலருக்கு இது தெரியாது.

செக் வாங்கினால், அது பாஸாகி உங்கள் கணக்கில் பணம் நிற்கும் வரை படகை அவிழ்க்காதீர்கள். திரும்பி வந்தால் வழக்குப் போடலாம், ஆனால் வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் என்று கெடு ஓடும். டிடி (வங்கி வரைவோலை) என்றால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், போலி டிடியும் உண்டு. கொடுத்த கிளையில் விசாரித்த பிறகு நம்புங்கள்.

என்னைக் கேட்டால், ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்பும் ஆர்டிஜிஎஸ்தான் நல்லது. 2 லட்சத்துக்குக் குறையாத தொகைக்கு உரியது, 2020 டிசம்பர் முதல் நாள் முழுவதும் இயங்குகிறது. “அனுப்பிட்டேன், பாருங்க” என்று வாட்ஸாப்பில் வரும் படத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம், இரண்டையும் போலியாகச் செய்யலாம். உங்கள் வங்கிச் செயலியில் இருப்புத் தொகையைப் பாருங்கள், அல்லது பாஸ்புக்கில் பதிவு போடுங்கள். பணம் பெற யுபிஐ பின் எண் தேவையே இல்லை. “பணம் வர இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க” என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். படகைப் பார்க்காமலே “ராணுவத்தில் இருக்கிறேன்” என்று அடையாள அட்டைப் படம் அனுப்பி விலை பேசுகிறவரும் அந்த ரகம்தான்.

அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று உண்டு. வாங்குபவர் ஒருவர், பணம் வருவது முன்பின் தெரியாத வேறொருவர் கணக்கிலிருந்து. அது யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்து, இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தால், பணம் போன தடத்தில் இருக்கும் உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். ஒப்பந்தத்தில் யார் பெயரோ அவர் கணக்கிலிருந்தே வாங்குங்கள். தவறுதலாகக் கூடுதல் தொகை வந்துவிட்டது, இன்னொரு எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்றால் அனுப்பாதீர்கள். வங்கிக்குப் போய், வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள்.

பணம் முழுதாக வந்த கையோடு மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு இருவரும் சேர்ந்தே விண்ணப்பியுங்கள். “அப்புறம் பாத்துக்கலாம்” என்று விட்டால், எல்லை தாண்டிய வழக்கானாலும் மானிய டீசல் விசாரணையானாலும் பதிவில் இருக்கும் பெயரைத்தான் தேடி வருவார்கள்.

சித்தப்பா அடுத்த படகை விற்றபோது நானும் கூடப் போனேன். காலையில் இருவரும் வங்கியில் உட்கார்ந்தார்கள். ஆர்டிஜிஎஸ் வந்து, பாஸ்புக்கில் அந்த வரி அச்சாகி வெளியே வந்தபோது மணி 11:40. அப்புறம்தான் கரைக்கு வந்து எஞ்சின் எண்ணைத் துடைத்து, தாளில் இருப்பதோடு ஒத்துப் பார்த்தார்கள். ஒப்படைப்புச் சீட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, சித்தப்பாவே நங்கூரக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.