வீட்டுக்குக் கிட்ட ஒரு மைதானம்: லண்டனில் முதல் நான்-லீக் ஆட்டம் பார்க்கப் போவது எப்படி

சனிக்கிழமை பின்னேரம் 2.45 முதல் 5.15 வரை பிரித்தானியாவில் உதைபந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டக்கூடாது. 1960களிலிருந்து இருக்கும் தடை இது. பெரிய ஆட்டத்தை வீட்டில் இருந்து பார்க்கலாம் என்றால் சின்னக் கிளப்புகளின் வாசலுக்கு யார் வருவார்கள் என்ற கவலையில் வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அந்த இரண்டரை மணி நேரம் எனக்கு வெறும் எரிச்சல். இப்போது கிழமை முழுவதும் நான் காத்திருப்பது அதற்காகத்தான். அந்த நேரத்தில் எங்காவது ஒரு சின்ன மைதானத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாவாந்துறை, பாஷையூர், இளவாலை என்று ஊருக்கு ஊர் அணி. கோட்டுக்கு வெளியே சனம். அடிப்பவன் யாருடைய மகன் என்று எல்லோருக்கும் தெரியும். லண்டனிலும் அப்படியொரு உதைபந்தாட்டம் இருக்கிறது. பிரீமியர் லீக் டிக்கெட் கிடைக்காமல் அலையும் பலர் அதைக் கவனிப்பதில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், நான்-லீக் என்றால் என்ன

பிரீமியர் லீக்கில் 20 கிளப்புகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. இந்த 92க்கும் கீழே உள்ளதெல்லாம் நான்-லீக். ஐந்தாம் அடுக்கில் நேஷனல் லீக், ஆறாவதில் அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள், ஏழாவதில் இஸ்மியன், சதர்ன், நார்தர்ன் பிரீமியர் என்ற பிராந்திய லீக்குகள். அதற்கும் கீழே எசெக்ஸ் சீனியர் லீக் போல மாவட்ட அளவில் விரிந்துகொண்டே போகும். முதல் நாளிலேயே இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இது மூடிய உலகம் இல்லை, ஏணி இருக்கிறது. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற சின்னக் கிளப்பில் கிழமைக்கு 30 பவுணுக்கு ஆடிய ஜேமி வார்டி, 2016இல் லெஸ்டருடன் பிரீமியர் லீக் கிண்ணத்தைத் தூக்கினார். ஆனால் கிளப்புகளுக்கு அந்த ஏணி எப்போதும் திறந்திருக்கவில்லை. வேல்ட்ஸ்டோன் என்ற லண்டன் கிளப் 1985இல் நான்-லீக்கின் உச்ச லீக்கையும், நான்-லீக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. டிராஃபி கிண்ணத்தையும் ஒரே சீசனில் வென்றது. அதற்கு முன் யாரும் செய்யாத சாதனை. அப்படியும் மேலே போக முடியவில்லை. முதலிடம் பிடித்தால் தானாகவே மேலேறும் விதி 1986-87 சீசனில்தான் வந்தது. அதைப் பயன்படுத்தி முதலில் ஏறியது ஸ்கார்பரோ. அந்த ஒன்றிரண்டு வருட வித்தியாசத்தை நினைக்கும்போதெல்லாம் வேல்ட்ஸ்டோனுக்காக மனம் கனக்கும்.

படி 1: மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெயர் பெற்ற மைதானத்தைத் தேடிப் போகாதீர்கள். வீட்டுக்கு மிகக் கிட்ட இருப்பதற்குப் போங்கள். நடந்து போகக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. தொலைவில் இருக்கும் அழகான மைதானத்துக்கு ஒரு முறைதான் போவீர்கள். கிட்ட இருப்பதற்கு மறுபடியும் போவீர்கள். இந்த ஆட்டத்தின் சுவை இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் பிடிபடும்.

ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஓல்ட் ஸ்பாட்டட் டாக். கிரீன் ஸ்ட்ரீட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு அப்படியே நடந்து போய்விடலாம். 1888 முதல் உதைபந்தாட்டம் நடந்துவரும் இடம். லண்டனின் மிகப் பழைய சீனியர் மைதானம் என்று சொல்வார்கள். வால்டர் டல் இங்கேதான் கிளாப்டன் அணிக்கு ஆடி, பிறகு டொட்டன்ஹாமுக்குப் போனார். பிரித்தானியப் படையில் அதிகாரியான முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர் அவர். 1918இல் போர்முனையில் இறந்தார். இன்று அங்கே ஆடும் கிளாப்டன் கம்யூனிட்டி, ரசிகர்களே 2018இல் தொடங்கிய கிளப். 2020இல் மைதானத்தையும் அவர்களே வாங்கிவிட்டார்கள்.

இல்ஃபர்ட், செவன் கிங்ஸ் ஆட்களுக்கு கிரிக்கிள்ஃபீல்ட். இந்த மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். 1948 ஜூலை 31 அன்று, லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்ஸை எதிர்த்து ஆடியது இங்கேதான். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியாவின் முதல் ஆட்டம். வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். பிரான்ஸ் முதலில் கோல் போட, சாரங்கபாணி ராமன் சமப்படுத்தினார். இரண்டு பெனால்ட்டிகள் கிடைத்தும் இந்தியா இரண்டையும் தவறவிட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொன்றைப் போட்டு 2-1 என்று வென்றது. ஓட்டப்பந்தயத் தடம் சுற்றிவருகிற சாதாரண மாநகராட்சி மைதானம்தான். பக்கத்து ஹை ரோட்டால் தினமும் பஸ்ஸில் போகும் எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? நான் கேட்ட ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் முறை போனபோது கோல் கம்பத்துக்குப் பின்னால் நெடுநேரம் நின்று, அந்தப் பெனால்ட்டிகள் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹரோ பக்கத்தவர்களுக்கு மேலே சொன்ன வேல்ட்ஸ்டோன், ஆடுவது ரைஸ்லிப்பில். நியூ மோல்டன், டோல்வொர்த் பக்கம் கொரிந்தியன்-கேஷுவல்ஸ். பிரேசிலின் புகழ்பெற்ற கொரிந்தியன்ஸ் கிளப், 1910இல் அங்கே சுற்றுப்பயணம் போன இங்கிலாந்துக் கொரிந்தியன் அணியைப் பார்த்துத்தான் தனக்குப் பெயர் வைத்தது. அந்த அணியின் வாரிசு டோல்வொர்த்தில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடுகிறது. டூட்டிங்காரருக்கு டூட்டிங் அண்ட் மிச்சம் யுனைட்டெட்.

வடக்கே என்ஃபீல்ட் டவுனையும் சொல்லாமல் விட முடியாது. 2018இல் ஃபிஃபாவில் சேராத அணிகளுக்கான கொனிஃபா உலகக் கிண்ணம் லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள நான்-லீக் மைதானங்களில் நடந்தது. தமிழீழம் என்ற பெயரில் எங்கள் அணியும் அதில் ஆடியது. இறுதி ஆட்டம் என்ஃபீல்டின் குயீன் எலிசபெத் மைதானத்தில். எங்கள் பிள்ளைகள் ஒரு உலகக் கிண்ணத்தில் ஆடுவதற்கு வாசலைத் திறந்துவிட்டவை இப்படியான சின்ன மைதானங்கள்தான்.

படி 2: நாளைப் பாருங்கள்

சீசன் ஆகஸ்ட் முதல் ஏப்ரல் கடைசி வரை. பொதுவாக சனிக்கிழமை பிற்பகல் 3 மணி, இல்லையென்றால் செவ்வாய் இரவு 7.45. பல வீரர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அதனால்தான் நடுக்கிழமை ஆட்டம் இரவில்.

தொடங்குவதற்கு நல்ல நாட்கள் இரண்டு. ஒன்று, ஆகஸ்டில் எஃப்.ஏ. கிண்ணத்தின் தகுதிச் சுற்றுகள். வெம்ப்ளியில் இறுதி ஆட்டம் நடக்கிற அதே கிண்ணம்தான், இங்கே நூறு இருநூறு பேர் முன்னால் தொடங்குகிறது. இந்தப் பாதையில் வந்துதான் மரீன் என்ற எட்டாம் அடுக்குக் கிளப் 2021 ஜனவரியில் டொட்டன்ஹாமைத் தன் மைதானத்துக்கு வரவழைத்தது. இன்னொன்று, நான்-லீக் டே. 2010இல் தொடங்கியது. சர்வதேச ஆட்டங்களுக்காகப் பெரிய லீக்குகள் ஓய்வெடுக்கும் ஒரு சனிக்கிழமையில் வரும். அன்று பல கிளப்புகள் கட்டணத்தைக் குறைக்கும்.

படி 3: ஆட்டம் நடக்குமா என்று அன்று காலையே பாருங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு டிசம்பரில் மகனையும் கூட்டிக்கொண்டு இரண்டு ரயில் மாறி ஒரு மைதானத்துக்குப் போனேன். வாசல் பூட்டிக் கிடந்தது. இரவு முழுக்கப் பெய்த மழையில் தரை ஊறி, நடுவர் காலையிலேயே வந்து பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தள்ளிவைத்திருக்கிறார். அப்போது அவனுக்கு ஏழு வயது. திரும்பும் வழி முழுக்க ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

ஆகவே மழையோ பனியோ என்றால் புறப்படுவதற்கு முன் கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தைப் பாருங்கள். இணையதளத்தைவிட அங்கேதான் செய்தி முதலில் வரும். செயற்கைப் புல் உள்ள மைதானங்களில் இந்தத் தொல்லை குறைவு. குளிர்காலத்தில் அப்படியொன்றை மாற்றுத் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆட்டம் எந்த மைதானத்தில் என்பதையும் உறுதிசெய்யுங்கள். சொந்த இடம் இல்லாத கிளப்புகள் இன்னொருவரின் மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளும். வருடத்துக்கு வருடம் அது மாறவும் செய்யும்.

படி 4: வாசலில்

2.15க்குப் போய்ச் சேருங்கள். பெரும்பாலும் முன்பதிவு தேவையில்லை. கீழ் அடுக்குகளில் ஏறக்குறைய பத்து பவுணுக்குள் முடியும். ஐந்தாம் அடுக்கில் இருபது வரை போகலாம். சிறுவர்களுக்குப் பல இடங்களில் இலவசம், அல்லது ஒன்றிரண்டு பவுண். கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள். உள்ளே ஒருவர் அதிர்ஷ்டச் சீட்டு விற்றுக்கொண்டு வருவார். தயவுசெய்து ஒன்று வாங்குங்கள். மின்விளக்குக் கட்டணத்துக்கும் புல் வெட்டுவதற்கும் அந்தக் காசும் உதவுகிறது. வாசலில் டிக்கெட் கிழிப்பவர், தேத்தண்ணி ஊற்றுபவர், கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுபவர் எல்லோரும் அனேகமாகச் சம்பளம் இல்லாமல் வேலை செய்பவர்கள்.

அச்சிட்ட நிகழ்ச்சிப் புத்தகம் இருந்தால் அதையும் வாங்குங்கள். இல்லையென்றால் வீரர் பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் கிளப் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள்.

படி 5: எங்கே நிற்பது

புதிதாக வருபவர்கள் நேரே போய்க் கூரைக்குக் கீழே இருக்கையில் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் கால்மணி நேரமாவது அப்படிச் செய்யாதீர்கள். வீரர்கள் உட்காரும் பக்கத்துக்குக் கிட்டப் போய், கம்பியில் கை வைத்து நில்லுங்கள். தொலைக்காட்சி ஒருநாளும் தராத ஒன்று அங்கே கிடைக்கும்: ஆட்டத்தின் சத்தம். பந்துக்காப்பாளர் தன் பின்வரிசையை விடாமல் கூப்பிட்டு நகர்த்துவது, "பின்னால் ஆள்!" என்ற எச்சரிக்கை, இரண்டு தலைகள் பந்துக்காக மோதும் ஓசை, பயிற்சியாளர் ஒருவனைத் திட்டிவிட்டு அடுத்த நிமிடமே தட்டிக்கொடுப்பது. உதைபந்தாட்டம் இவ்வளவு பேச்சால் ஆடப்படுவது என்று எனக்கு அங்கே நின்ற பிறகுதான் புரிந்தது.

அப்புறம் கோல் கம்பத்துக்குப் பின்னால் போங்கள். பெரும்பாலான நாட்களில் இரண்டு அணி ரசிகர்களையும் பிரித்து வைக்க மாட்டார்கள். தங்கள் அணி எந்தக் கோலை நோக்கித் தாக்குகிறதோ அதன் பின்னால் நிற்பார்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது ரசிகர்களும் கொடியைச் சுருட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி மறுபக்கம் நடப்பார்கள். எதிரணி ரசிகர்கள் எதிரே வருவார்கள். சிலர் கை குலுக்குவார்கள். நான்-லீக்கில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான்.

சிறுவர்களோடு போகிறவர்களுக்கு: பந்து வேலிக்கு வெளியே வரும். எடுத்துக் கொடுக்க விடுங்கள். என் மகன் முதன்முதலில் ஒரு பந்துக்காப்பாளருக்குப் பந்தை எறிந்து, அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய நாளிலிருந்து அந்த அணி எங்கள் வீட்டு அணி.

உடை பற்றி ஒரு வரி: வானிலை சொல்வதைவிட ஒரு அடுக்கு கூடுதலாகப் போடுங்கள், கனமான காலுறையோடு. சீமெந்துப் படியில் இரண்டு மணி நேரம் நின்றால் குளிர் காலால்தான் ஏறும்.

படி 6: இடைவேளை

விசில் ஊதுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே தேத்தண்ணிக் கடைக்குப் போங்கள். பிந்தினால் வரிசை நீளும். தேநீர், சிப்ஸ், பர்கர் கிடைக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பொவ்ரில் என்ற சூடான பானத்தைத் தவிருங்கள். அது மாட்டிறைச்சிச் சாறு. எனக்கு ஒருவர் அன்போடு நீட்டியபோது தெரியாமல் வாங்கிவிட்டேன். மதுவைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பவர்களைக் கண்டு திகைக்க வேண்டாம். ஆடுகளம் தெரியும் இடத்தில் குடிக்கக்கூடாது என்ற 1985ஆம் ஆண்டுச் சட்டம் மேல் அடுக்குகளுக்குத்தான்.

யாராவது உங்களிடம் கதை கொடுப்பார்கள். அநேகமாக வயதான ஒருவர். எங்கிருந்து வருகிறீர்கள், முதல் தடவையா என்று கேட்பார். பதில் சொல்லுங்கள், திருப்பிக் கேளுங்கள். அந்த மைதானத்தின் ஐம்பது வருடக் கதை அவரிடம் இருக்கும், எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

படி 7: குறித்து வையுங்கள், திரும்பப் போங்கள்

மைதானம் மைதானமாகப் போய்க் கணக்கு வைக்கும் ஆட்களும் உண்டு. கிரவுண்ட்ஹாப்பர்கள் என்று பெயர். முழு ஆட்டத்தையும் பார்த்தால்தான் அந்த மைதானம் கணக்கில் சேரும் என்பது அவர்களில் பலரின் விதி. நானும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்: தேதி, அணிகள், முடிவு, வந்த கூட்டம், தேத்தண்ணி எப்படி. உலகின் மிகப் பழைய மைதானமான ஷெஃபீல்டின் சேண்டிகேட் இன்னும் அதில் ஏறவில்லை. 1860 டிசம்பர் 26 அன்று ஹாலமும் ஷெஃபீல்டும் மோதிய இடம். வருகிற வசந்தத்தில் மகனோடு போவதாகத் திட்டம்.

ஆனால் நீங்கள் இரண்டாவதாகப் போக வேண்டியது வேறு மைதானத்துக்கு அல்ல, முதலில் போன அதே இடத்துக்கு. கிளம்பும்போது சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டம் அனேகமாகச் செவ்வாய் இரவில் இருக்கும். வேலை முடிந்து நேரே போங்கள். தெருமுனையில் திரும்பும்போதே விளக்குகள் தெரியும்.