சிங்கப்பூர் வீட்டில் கரண்ட் கணக்கு பார்ப்பது எப்படி

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து வாடகைக்கு வீடோ அறையோ எடுப்பவர்கள் முதலில் மறக்க வேண்டியது ஊரில் பழகிய மின்கட்டணக் கணக்கைத்தான். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்து, முதல் 100 யூனிட்டை இலவசமாகக் கழித்துவிட்டு, பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையையும் கூட்டிக்கொண்டே போவார்கள். இங்கே இலவசமும் இல்லை, படிப்படியாக ஏறும் விலையும் இல்லை. முதல் யூனிட்டுக்கும் 500ஆவது யூனிட்டுக்கும் ஒரே கட்டணம். நாட்டின் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இயற்கை எரிவாயுவை எரித்தே கிடைப்பதால், எரிபொருள் விலையை ஒட்டி, மின்சாரம் வழங்கும் எஸ்பி குழுமத்தின் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும். ஆகவே உங்கள் பில்லில் அச்சாகியிருக்கும் விலையையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வசதிக்காக ஒரு யூனிட்டை 30 காசு என்று வைத்துக்கொள்கிறேன் (100 காசு ஒரு வெள்ளி, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர்).

யூனிட் என்பது 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம். சாதனத்தின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள வாட்டை, அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும். இந்த ஒரு பெருக்கலைத் தெரிந்துகொள்ளாமல் சத்தத்தையும் உருவத்தையும் வைத்து முடிவு செய்வதால்தான் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள் மனக்கசப்பு வருகிறது.

நான் வந்த புதிதில் மூன்று பேரோடு ஒரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் பகிர்ந்துகொண்டேன். சனிக்கிழமை காலையில் தோசைக்கு மாவாட்டத் தொடங்கினால், எதிர் அறை அண்ணன் வந்து நின்று, "தம்பி, இது ஓடுகிற ஓட்டத்துக்கு இந்த மாதப் பில்லை நீதான் கட்ட வேண்டும்" என்பார். ஒரு நாள் கிரைண்டரைச் சாய்த்து அடியில் இருந்த தகட்டை இருவருமாகப் படித்தோம்: 150 வாட். நாற்பது நிமிடம் அரைத்தால் 0.1 யூனிட், அதாவது 3 காசு. அதே நேரத்தில் குளியலறைக் கதவுக்கு வெளியே ஹீட்டர் சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முந்தின இரவு குளித்த யாரோ அணைக்காமல் விட்டது. அதை நாங்கள் யாருமே கவனித்ததில்லை.

அது தொட்டி வைத்த ஹீட்டர். 25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.9 யூனிட் ஆகும், அது 27 காசு. சுவிட்ச் போட்டே கிடந்தால், தொட்டி ஆற ஆறத் தானாகவே மறுபடி சூடேற்றிக்கொண்டிருக்கும். யாரும் குளிக்காத பகல் முழுவதும் அந்தச் செலவு ஓடும். குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, முடித்ததும் அணைத்துவிட்டால் போதும். தொட்டியில்லாத உடனடி ஹீட்டர் பெரும்பாலும் 3,300 வாட் அளவில் இருக்கும். பத்து நிமிடக் குளியலுக்கு 0.55 யூனிட், சுமார் 17 காசு. நான்கு பேர் நாளுக்கு இரு முறை வெந்நீரில் குளித்தால் மாதம் 40 வெள்ளி. இந்த ஊர் வெயிலுக்கு இரண்டாவது குளியலுக்கு வெந்நீர் தேவையா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

ஏர்கான் விஷயத்தில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். 9,000 பிடியு, 2.6 கிலோவாட் என்று எழுதியிருப்பது அது அறையைக் குளிர்விக்கும் திறன். அது இழுக்கும் மின்சாரம் அதைவிட மிகக் குறைவு, தகட்டில் தனியாகப் போட்டிருக்கும். பழைய ஏர்கான் ஒன்று சராசரியாக 800 வாட் இழுப்பதாகக் கொண்டால், இரவு எட்டு மணி நேரத்துக்கு 6.4 யூனிட்; மாதம் 58 வெள்ளிக்கு அருகில் வந்துவிடும். 70 வாட் மின்விசிறி அதே எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 5 வெள்ளிதான். ஏர்கானை 25 டிகிரியில் வைத்து விசிறியையும் ஓடவிட்டால் உடம்புக்கும் சுகம், செலவும் குறையும். ஏர்கானின் வடிகட்டி வலையில் படியும் தூசியை மாதம் ஒரு முறை கழுவுவதும் அவசியம்.

குளிர்பதனப் பெட்டிக்கு மட்டும் தகட்டு வாட்டை 24 மணி நேரத்தால் பெருக்கக் கூடாது. அதன் கம்பிரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும். கடையில் அதன்மேல் ஒட்டியிருக்கும் மின்சிக்கன வில்லையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றே போட்டிருப்பார்கள், அந்த எண்ணையே நம்புங்கள். வில்லையில் 'டிக்' குறிகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனைக்குச் சிக்கனம்; ஐந்துதான் உச்சம்.

ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்ஸியும் கிரைண்டரும் இங்கே ஓடும், இரு இடத்திலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் வேறு: இங்குள்ளது சதுர முனை மூன்றும் உள்ளே ஃபியூசும் கொண்டது, தாங்கும் அளவு 13 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 3,000 வாட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுவது ஆபத்து.

அறை தேடும்போது "பியூபி சேர்த்தா?" என்ற கேள்வியைக் கேட்பீர்கள். மின்சாரம் 1995இலேயே பியூபி எனப்படும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கையைவிட்டுப் போய்விட்டாலும், தண்ணீர், எரிவாயு, மின்சாரம் சேர்ந்த பில்லுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வாடகையில் சேர்ந்தது என்றால் எத்தனை வெள்ளி வரை என்பதையும், அதைத் தாண்டினால் எப்படிப் பிரிப்பீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தாழ்வாரத்து அலமாரியில் இருக்கும் மீட்டரைக் குடிவந்த அன்றே படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய வகை மீட்டரை எல்லா மாதமும் வந்து படிப்பதில்லை, இடைப்பட்ட மாதத்துப் பில் மதிப்பீடாக வரும். முந்தைய குடித்தனக்காரர் செலவழித்த யூனிட் உங்கள் தலையில் விழாமல் இருக்க அந்தப் படம் ஒன்றே போதும்.