சாட்டியின் ‘ஜிம்னோபெடி 1’: பியானோ இசையை வயலினுக்கும் பியானோவுக்கும் பிரித்தெழுதுவது எப்படி?

பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி 1888-இல் பியானோவுக்கு மட்டும் எழுதிய இசை இது. வேகம் குறைவு, மெட்டில் ஒரு நேரத்தில் ஒரே சுரம். முதன்முதலாக அரேஞ்ச் செய்து (ஒரு கருவிக்கான இசையை வேறு கருவிகளுக்கு மாற்றி எழுதி) பார்ப்பவர்களுக்குத் தோதானது. சாட்டி 1925-இலேயே இறந்துவிட்டதால் பெரும்பாலான நாடுகளில் காப்புரிமைத் தொல்லையும் இல்லை. உயிரோடிருக்கும் இசையமைப்பாளரின் படைப்பு என்றால் முதலில் பதிப்பகத்தின் அனுமதி வேண்டும்.

1. பிரித்தல்

மியூஸ்ஸ்கோர் போன்ற இசை எழுதும் மென்பொருளில் மூன்று வரிகள் திறந்துகொள்ளுங்கள்: மேலே வயலின், கீழே பியானோவின் இரண்டு வரிகள். டி மேஜர், 3/4. மெட்டு முழுவதும் வயலினுக்கு. மூலத்தில் இடது கை பேஸ் சுரத்தை (அடியிலுள்ள தாழ்ந்த சுரம்) அடித்துவிட்டு உடனே கார்டுக்கு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) தாவ வேண்டும். மெட்டு வயலினுக்குப் போனதும் வலது கை சும்மாதானே இருக்கிறது? கார்டுகளை அதற்குக் கொடுங்கள், தாவலே இருக்காது. பயத்தில் மெட்டைப் பியானோவிலும் சேர்த்து எழுதாதீர்கள். வயலின் எழுதியும் பயனில்லாமல் போகும்.

2. ஒன்பதாம் பார்

பார் என்பது இங்கே மூன்று அடி (தாள எண்ணிக்கை) கொண்ட ஒரு கட்டம். முதல் நான்கு பார்கள் பியானோ மட்டும். ஐந்தில் மெட்டு தொடங்கி, 9 முதல் 12 வரை ஒரே எஃப் ஷார்ப் நீள்கிறது. அதே எஃப் ஷார்ப்தான் கார்டின் மேல் சுரமும். பியானோவில் கார்டை அடிக்கும்போதெல்லாம் நீளும் சுரம் அறுபடும். வயலினில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் வேறொன்று வரும்: இரண்டும் ஒரே சுரம் என்பதால் வயலின் இம்மி விலகினாலும் அலையடிப்பது காதில் விழும். இந்த நான்கு பார்களில் கார்டின் மேல் சுரத்தைத் துணிந்து எடுத்துவிடலாம். மிச்சம் இரண்டு சுரங்களே போதும், மூன்றாவதை வயலின் தருகிறது.

3. வில்

நிமிடத்துக்கு 72 அடி என்று வைத்தால் எஃப் ஷார்ப் நீளும் அந்த நான்கு பார்களின் 12 அடிக்குப் பத்து விநாடி. ஒரே வில்லில் இழுத்தால் புதியவர்களுக்கு ஒலி நடுங்கும். ஆகவே பார் வாரியாக (மேல் வில் என்றால் நுனியிலிருந்து பிடிப்பக்கம், கீழ் வில் என்றால் பிடியிலிருந்து நுனிப்பக்கம்):

5 – மேல் வில், 6 – கீழ், 7 – மேல், 8 – கீழ், 9-10 – மேல், 11-12 – கீழ்.

ஒவ்வொன்றும் ஒரே ஸ்லர், அதாவது வில்லைத் திருப்பாமல் ஒரே இழுப்பு. மேல் வில்லில் தொடங்கச் சொல்வது, கடைசிச் சுரம் கீழ் வில்லில் நுனியை நோக்கித் தானாகத் தேய்ந்து அடங்கட்டும் என்பதற்காகத்தான்.

4. விரல்

எல்லாம் முதல் பொசிஷனிலேயே (கை கழுத்தின் நுனிப்பக்கம்): 5, 6-ஆம் பார்களில் ஈ தந்தியில் விரல்கள் 1, 3, 2, 1 (ஆள்காட்டி விரல்தான் 1), பிறகு ஏ தந்தி. எட்டாம் பாரின் ஏ சுரத்தைத் திறந்த தந்தியில் (விரல் வைக்காமல்) வாசித்தால் துருத்திக்கொண்டு கேட்கும். டி தந்தியில் நான்காம் விரல் வையுங்கள். அடுத்த எஃப் ஷார்ப்பும் அதே தந்தியில் இருக்கிறது.

13-ஆம் பாரில் அதே மெட்டு திரும்பத் தொடங்கும். ஒரு மாறுதலுக்காக முதல் மெட்டை ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கலாமா? முடியாது. நீளும் எஃப் ஷார்ப், வயலினின் அடிமட்டச் சுரமான ஜி-க்கும் அரைச் சுரம் கீழே போய்விடும்.

5. சேர்ந்து வாசிக்கும்போது

வயலின்தான் பியானோவின் ஏ-வுக்குச் சுருதி சேர்க்க வேண்டும். பெடலை ஒவ்வொரு பாரின் பேஸ் சுரத்திலும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அடுத்தடுத்த பார்களின் இரண்டு கார்டுகளும் ஒன்றாகக் குழம்பும். வயலின் தாளில் முதல் நான்கு பார்களின் பேஸைச் சிறிய எழுத்தில் குறித்துக்கொடுத்தால் நுழைவு தவறாது.

முடிவில் இசை டி மைனருக்குப் போகிறது. அங்கே வரும் எஃப் எல்லாம் நேச்சுரல், அதாவது ஷார்ப் இல்லாதது. அதுவரை ஷார்ப்பில் பழகிய விரல் தானாக அங்கேயே போய் உட்காரும், பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள்.